பெரியப்பாவுக்கு ஒரு வைத்தியம், தம்பிக்கு வேறு வைத்தியமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 33 வயது. கோவையில் நகைப் பட்டறையில் கல் பதிக்கும் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருடம், இன்னும் குழந்தை இல்லை. எட்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போனது. மூலம் என்று நினைத்து நான்தான் துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் சமைத்துக் கொடுத்தேன். மருந்துக்கடையில் களிம்பும் வாங்கினோம். இப்போது மலக்குடலில் புற்றுநோய் என்கிறார்கள். ஆசனவாயிலிருந்து 6 செ.மீ. மேலே கட்டி, பக்கத்து நெறிக்கட்டுகளிலும் இருக்கிறது, வேறு எங்கும் பரவவில்லை. ஐந்து வாரம் கரண்ட், பிறகு கீமோ, அதன் பிறகுதான் ஆபரேஷனாம். இன்னும் பத்து நாளில் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு 68 வயதில் இதே நோய் வந்தது. நேராக ஆபரேஷன் செய்து, அப்புறம் கீமோ மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். மூன்று வருடமாக நன்றாக இருக்கிறார். தம்பிக்கு மட்டும் ஏன் இத்தனை? சின்ன வயதில் வந்தால் வேகமாகப் பரவும், பிழைப்பது கஷ்டம் என்கிறார்களே, நிஜமா? சின்ன வயசுதானே, தாங்குவான், டோஸைக் கூட்டியே கொடுக்கச் சொல்லுங்கள் என்கிறார் மாமா. எங்கள் வீட்டில் சிகரெட், குடி யாருக்கும் கிடையாது. அத்தை ஒருவருக்கு 45 வயதில் கர்ப்பப்பையில் கட்டி என்று எடுத்தார்கள், மற்றபடி பெரிய வியாதி எதுவும் இல்லை. நாங்கள் என்ன தப்பு செய்தோம்?
ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, தொடங்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் அதற்குள் செய்தாக வேண்டும்.

முதலாவது, தம்பியின் விந்தணுவை எடுத்துச் சேமித்து வைப்பது. இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது விரைகள் நேரடியாகக் கதிரின் பாதையில் இருக்காது. ஆனாலும் சிதறி வரும் கதிரே விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடலாம். கீமோவும் தன் பங்குக்குக் குறைக்கும். பிறகு வரும் ஆபரேஷனில், மலக்குடலை ஒட்டியே ஓடும் மெல்லிய நரம்புகள் பாதிக்கப்பட்டால் விறைப்பு, விந்து வெளியேறுவது ஆகியவற்றில் குறை வரலாம். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். குழந்தையின்மை சிகிச்சை மையங்களில் மாதிரியை உறைய வைத்துப் பல வருடம் பாதுகாக்கிறார்கள். ஓரிரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை கொடுத்தால் போதும், ஒரே வாரத்தில் வேலை முடிந்துவிடும். சிகிச்சை தொடங்கிய பிறகு கொடுக்கும் மாதிரியை நம்ப முடியாது.

அக்காவாக இதைத் தம்பியிடம் எப்படிப் பேசுவது என்று கூச்சமாக இருக்கலாம். நீங்கள் பேச வேண்டாம். இந்தப் பக்கத்தை அவரிடமோ அவர் மனைவியிடமோ கொடுத்துவிடுங்கள். டாக்டர்களான எங்களுக்கே இந்தக் கூச்சம் இருந்தது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், இதே நோயோடு வந்த 29 வயது லாரி ஓட்டுநர் ஒருவரிடம் கட்டியைப் பற்றி எல்லாம் பேசினோம், குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோய் குணமாகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து மனைவியோடு வந்து, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு 50 வயதுக்குக் கீழே வரும் யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் சிகிச்சைக்கு நாள் குறித்ததில்லை.

(இதைப் படிக்கும் வேறு குடும்பங்களுக்காக ஒன்று. நோயாளி இளம் பெண்ணாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கேட்க வேண்டும். கருமுட்டையை எடுத்து உறைய வைக்க இரண்டு வாரம் பிடிக்கும். சிலருக்குச் சினைப்பைகளைக் கதிரின் பாதையிலிருந்து மேலே நகர்த்தி வைக்கலாம். ஆனால் கர்ப்பப்பையை அப்படி நகர்த்த முடியாது. கதிர்வீச்சு பட்ட கர்ப்பப்பை பிள்ளையைச் சுமப்பது கடினம். மாதவிடாயும் சீக்கிரமே நின்றுவிடும். இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.)

இரண்டாவது, பயாப்சி எடுத்த சதைத் துணுக்கில் எம்.எம்.ஆர். (மிஸ்மேட்ச் ரிப்பேர், மரபுச் செய்தியின் பிழை திருத்தும் புரதங்கள்) பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள். மறுபடி சதை எடுக்க வேண்டியதில்லை. மெழுகுக் கட்டியில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள், அதிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு முறை செல் இரண்டாகப் பிரியும்போதும் மரபுச் செய்தியைப் படி எடுக்கிறது. அந்தப் படியில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்த நம் உடம்பில் நான்கு முக்கியமான புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இல்லாமல் போனால் பிழைகள் குவிந்து புற்று உருவாகிறது. மலக்குடல் புற்றுநோயில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் இந்த வகை. ஆனால் அப்படி இருந்துவிட்டால் சிகிச்சைப் பாதையே மாறிவிடும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் இந்த வகை மலக்குடல் கட்டி இருந்தவர்களுக்கு ஆறு மாதம் டாஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் கொடுத்தார்கள். 2022-இல் வெளியான முதல் முடிவில், சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி அடையாளம் இல்லாமல் மறைந்திருந்தது. 2025-இல் அந்த எண்ணிக்கை 49 ஆனது, 49 பேருக்கும் அதே பலன். கதிர்வீச்சும் இல்லை, கத்தியும் இல்லை. இவ்வகை மருந்துகளின் விலை மலைக்க வைக்கும். அதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், முதலில் அந்த வகையா என்று தெரிய வேண்டும். இந்த முடிவுக்காகச் சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் நோய் அதற்குள் கைமீறிவிடாது.

உங்கள் தம்பிக்கு நான் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. "மற்றபடி பெரிய வியாதி எதுவும் இல்லை" என்ற இடத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த அத்தை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி உங்கள் கேள்விகள்.

பெரியப்பாவுக்கு நேராக ஆபரேஷன், தம்பிக்கு ஏன் இத்தனை? வயதுதான் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அது இல்லை. மலக்குடல் சுமார் 15 செ.மீ. நீளம். கட்டி அதன் மேல் பகுதியில், சுவரை அதிகம் தாண்டாமல் இருந்தால் நேராக வெட்டி எடுத்து, அப்புறம் தேவைப்பட்டால் மாத்திரை கொடுக்கலாம். பெரியப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, ஆனால் அவருடையது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். தம்பிக்குக் கட்டி 6 செ.மீ. உயரத்தில், குறுகலான இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. நெறிக்கட்டுகளிலும் நோய் இருக்கிறது. நேராக வெட்டினால் ஓரத்தில் சில செல்கள் தங்கிப்போகும் ஆபத்து உண்டு. முதலில் சுருக்கிவிட்டு வெட்டினால் அதே இடத்தில் மறுபடி வருவது குறைகிறது. 70 வயதுக்காரருக்கு இதே கட்டி இதே இடத்தில் இருந்தால் அவருக்கும் இதே வரிசையைத்தான் முதலில் யோசிப்போம்.

வயது எங்கே உள்ளே வருகிறது என்றால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில். 75 வயதுப் பெரியவர் என் முன்னால் உட்கார்ந்தால் நான் கேட்பது இதயம், சர்க்கரை, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, ஞாபகம் எப்படி, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள். கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற ஊசி மருந்தைச் சேர்ப்பதால் 70 தாண்டியவர்களுக்குப் பெரிய ஆதாயம் கிடைப்பதில்லை, தொந்தரவு மட்டும் மிஞ்சும். அதனால் மாத்திரையோடு நிறுத்திக்கொள்வோம். பெரியப்பாவும் 70-ஐ நெருங்கியிருந்தார், மாத்திரை மட்டும் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஐந்து வாரக் கதிர்வீச்சுக்கு வந்துபோக முடியாதவருக்கு ஐந்தே நாள் சிகிச்சை இருக்கிறது. ஆசனவாய்த் தசை ஏற்கெனவே தளர்ந்துபோன பெரியவருக்கு, குடலைக் கஷ்டப்பட்டு இணைத்து நாளுக்குப் பத்து முறை கழிவறைக்கு ஓட விடுவதைவிட, வயிற்றில் நிரந்தரமாக ஒரு பை நிம்மதியாக இருக்கும். எண்பது வயதிலும் திடமாக இருப்பவரை வயதைக் காட்டி ஒதுக்கிவிடுவதும் உண்டு, அதுவும் தப்பு.

33 வயதுக்காரர் வந்தால் நான் பார்ப்பது அவருக்கு முன்னால் இருக்கும் நாற்பது வருடத்தை. பிள்ளை, தாம்பத்யம், வேலை, மலம் அடக்கும் சக்தி. அதனால் அவருடைய டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, கதிர்வீச்சு கட்டாயம்தானா? பெரும்பாலும் வட அமெரிக்காவில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ப்ராஸ்பெக்ட் என்ற ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கம்போலக் கதிர்வீச்சு. இன்னொரு பிரிவுக்கு முதலில் கீமோ, கட்டி போதிய அளவு சுருங்காதவர்களுக்கு மட்டும் கதிர்வீச்சு. ஐந்து வருடம் கழித்து நோயில்லாமல் இருந்தவர்கள் இரண்டு பிரிவிலும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 80 பேர். கட்டி மிகத் தாழ்வாக இருந்தாலோ, வெட்டும் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, நெறிக்கட்டுகள் அதிகமாக இருந்தாலோ இந்த வழி பொருந்தாது. தம்பியின் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்தவர்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். "முடியாது" என்று காரணத்தோடு சொன்னால் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு, கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த பிறகு கட்டி முழுவதும் மறைந்துவிட்டால் ஆபரேஷன் இல்லாமல் கண்காணிக்கும் வாய்ப்பு உண்டா? பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரத்து அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா இதைத் தொடங்கியபோது பலர் அவரை நம்பவில்லை. இன்று உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். ஒரு பெரிய ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மலக்குடலைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்து காட்ட வேண்டும். மறுபடி முளைத்தால் உடனே ஆபரேஷன். "வேலை இருந்தது சார், வர முடியலை" என்பவருக்கு இது ஆகாது.

இன்னொரு விஷயம், இதை எழுதவே தோன்றாமல் போயிருக்கும், நீங்கள் கல் பதிக்கும் வேலை என்று சொன்னதால் நினைவுக்கு வந்தது. ஆக்ஸாலிபிளாட்டின் விரல் நுனி நரம்புகளைத் தாக்கும். முதலில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் ஊசி குத்துவது போல இருக்கும், அது போய்விடும். டோஸ் சேரச் சேர மரத்துப்போவது சிலருக்கு வருடக் கணக்கில் தங்கிவிடுகிறது. கடுகளவு கல்லை இடுக்கியால் பிடித்துப் பதிக்கிறவருக்கு அது பிழைப்பையே பாதிக்கும். கீமோ டாக்டரிடம் தம்பியின் தொழிலை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரத்துப்போகத் தொடங்கினால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர முடியும்.

மாமாவின் யோசனைக்கும் இதுவே பதில். அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் கதிர்வீச்சின் அளவு வயதைப் பார்த்துக் கூட்டுவதில்லை. கீமோவைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் பெரிய அளவில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அதே கட்டத்தில் நோய் இருந்த முதியவர்களைவிட இளையவர்களுக்குப் பல மடங்கு அதிகமாகக் கீமோ கொடுத்திருந்தார்கள். அதற்கு ஈடாக ஆயுள் கூடவில்லை. தாங்குவார் என்பதற்காகக் கொடுப்பது மருத்துவம் இல்லை.

சின்ன வயதில் வந்தால் வேகமாகப் பரவுமா? பாதி உண்மை. இளையவர்களிடம் சில முரட்டு வகைகள் கொஞ்சம் அதிகம் காணப்படுகின்றன. சளி போன்ற பொருளைச் சுரக்கும் வகை, நுண்ணோக்கியில் முத்திரை மோதிரம் போலத் தெரியும் செல்கள் கொண்ட வகை. தம்பியின் பயாப்சி அறிக்கையில் 'சிக்னெட் ரிங்' என்று இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், இல்லையென்றால் அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் ஒரே கட்டத்தில் இருக்கும் இளையவரையும் முதியவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இளையவர்கள் அவர்களுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோதான் பிழைக்கிறார்கள். இளையவர்கள் முற்றிய கட்டத்தில் வந்து சேர்வதுதான் கெட்ட பெயருக்குக் காரணம். தம்பியின் நோய் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போகவில்லை. இது குணப்படுத்தும் எண்ணத்தோடு கொடுக்கும் சிகிச்சைதான்.

ஏன் முற்றி வருகிறார்கள்? 65 வயதுக்காரருக்கு ரத்தம் போனால் டாக்டர் பயப்படுகிறார். 33 வயதுக்காரருக்கு ரத்தம் போனால், 'மூலமாக இருக்கும், காரத்தைக் குறை, உடம்புச் சூடு' என்று அனுப்பிவிடுகிறோம். நம் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் என்றுதானே எழுதியிருக்கிறது. தாழ்வான மலக்குடல் கட்டிகளில் பல, கையுறை மாட்டிய விரலுக்கே தட்டுப்படும். செலவில்லை, கருவி வேண்டாம், ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை டாக்டரும் தவிர்க்கிறார், நோயாளியும் வெட்கப்பட்டு வேண்டாம் என்கிறார். எனக்கு இதில் ஆறாத கோபம் இருக்கிறது, அதில் பாதி என் தொழில் மீது. மூலமே இருந்தாலும், அதற்கு மேலே கட்டியும் இருக்கலாம். ரத்தம் நிற்காவிட்டால், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மலம் இருப்பது போலவே தோன்றினால், காரணமில்லாமல் ரத்தசோகை இருந்தால், பேதியோ வயிற்றுவலியோ வாரக் கணக்கில் தொடர்ந்தால், வயது என்னவாக இருந்தாலும் உள்ளே பார்த்தாக வேண்டும்.

துத்திக்கீரை விஷயம். நீங்கள் நோயை வளர்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் மூலத்துக்குச் செய்வதைச் செய்தீர்கள். இதுபோன்ற கட்டிகள் பெரும்பாலும் எட்டு மாதத்தில் முளைத்தவை அல்ல, வருடக் கணக்கில் வளர்ந்தவை. முன்னாடியே பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் களிம்பு விற்றவர் முதல் எத்தனையோ பேர் தவறவிட்டதை அக்கா ஒருத்தி தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

என்ன தப்பு செய்தோம் என்ற கேள்விக்கும் இதே பதில்தான். அமெரிக்காவில் 1990 வாக்கில் பிறந்தவர்களுக்கு மலக்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து, 1950 வாக்கில் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்தபோது இருந்ததைவிட நான்கு மடங்கு என்று 2017-இல் கணக்கிட்டார்கள். அங்கே குடல் புற்றுநோய்க்கான சோதனையைத் தொடங்கும் வயதை 50-இலிருந்து 45 ஆகக் குறைத்ததற்கு இப்படிப்பட்ட கணக்குகள்தான் காரணம். நம் நாட்டில் இந்த நோய் மேலைநாடுகளைவிடக் குறைவு, ஆனால் வருகிறவர்கள் இளையவர்கள். மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை வெளியிட்ட 800 பெருங்குடல், மலக்குடல் நோயாளிகளின் கணக்கில் சராசரி வயது 47. நம் மக்கள்தொகையே இளையது என்பதும் அதற்கு ஒரு காரணம். உடல் பருமன், மது, பதப்படுத்திய இறைச்சி, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். ஆனால் இவை எதுவும் இல்லாத இளைஞர்களை வாராவாரம் பார்க்கிறேன். குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சு, குழந்தைப் பருவத்திலேயே மரபணுவில் வடு போட்டுவிடுகிறதோ என்ற சந்தேகம் 2025-இல் வலுத்தது. 11 நாட்டு நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்ததில், அந்த வடு 70 தாண்டியவர்களைவிட 40-க்குக் கீழே இருந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகம் இருந்தது. இதில் யாரை நோவது?

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, கவலை இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பதிந்துவிடுங்கள். ஆபரேஷனில் வயிற்றில் தற்காலிகமாகப் பை வைக்க நேர்ந்தால் சில மாதத்தில் எடுத்துவிடுவார்கள். பை இருக்கும்போதே பட்டறைக்குப் போகலாம், பைக் ஓட்டலாம்.

சரி, அத்தை. நான் மேலே சொன்ன பிழை திருத்தும் புரதம் சில குடும்பங்களில் பிறவியிலேயே குறையோடு வருகிறது. லிஞ்ச் குறைபாடு என்று பெயர். அந்தக் குடும்பங்களில் குடல் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் வருவது கர்ப்பப்பையின் உட்சுவர்ப் புற்றுநோய், அதுவும் வழக்கத்தைவிடச் சின்ன வயதில். 50 வயதுக்குள் குடல் புற்றுநோய் வந்தவர்களை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சோதித்தபோது, ஆறில் ஒருவருக்குப் பரம்பரையாக வந்த ஏதோ ஒரு மரபணுக் குறை இருந்தது. அதில் பாதி லிஞ்ச். பெரியப்பா, அத்தை, தம்பி மூவரும் உங்கள் அப்பா வழி. அப்பாவுக்கு நோய் இல்லாமலேயே அந்தக் குறை இருக்கலாம், இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு. எம்.எம்.ஆர். பரிசோதனையில் குறை தெரிந்தால் தம்பிக்கு ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்வார்கள். உறுதியானால் அடுத்து அப்பாவுக்கும் உங்களுக்கும்.

அது எப்படி வந்தாலும், உடன்பிறந்தவருக்கு 33 வயதில் நோய் வந்திருப்பதால் நீங்கள் இப்போதே ஒரு கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலுக்குள் பார்ப்பது) செய்துகொள்ள வேண்டும். முதல் நாள் பேதி மருந்து குடிப்பதுதான் கஷ்டம், சோதனை அரை மணி நேரம். தம்பியின் அலைச்சலில் உங்களுடையதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அத்தை வீட்டில் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அதில் 'ஃபைப்ராய்டு' என்று இருந்தால் சாதாரணத் தசைக்கட்டி, அத்தையை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். 'எண்டோமெட்ரியல் கார்சினோமா' என்று, அதாவது அந்த உட்சுவர்ப் புற்றுநோய் என்று இருந்தால், தம்பியின் டாக்டர் கையில் முதலில் போய்ச் சேர வேண்டிய காகிதம் அதுதான்.